சாப்பாட்டுக் கேள்வி

எல்லாரும் இட்லி என்றுதான் சொல்கிறார்கள். நாற்பத்தொரு பேரின் பேச்சை ஆவுடைநாயகி இதுவரை காதில் வாங்கித் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள். அதில் முப்பது பேராவது இட்லிக்காரர்கள். பேட்டி எடுக்கிற கல்லூரிப் பெண் மெர்லின், ஒலிப்பதிவுக் கருவியை எதிரே வைத்துவிட்டு, குரல் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க முதலில் ஒரு கேள்வி கேட்பாள். இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க? அவ்வளவுதான். அதற்கே முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, இட்லி, சட்னி, சாம்பார். வடக்குத் தெரு தாணுமூர்த்தி வீட்டில் காலையில் பழைய சோறும் சுண்டவத்தலும் என்பது தெருவுக்கே தெரியும், அவரும் இட்லி. கம்பங்கூழைத் தவிர எதையும் தொடாத சர்க்கரை வியாதிக்காரி ஒருத்தி, அவளும் இட்லி. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் போதும், இந்த மணலோடை ஊருக்கு இட்லி வந்துவிடுகிறது. தின்ற சோற்றையே மாற்றிச் சொல்கிறவர்கள், நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வெள்ளத்தைப் பற்றி என்ன நிஜத்தைச் சொல்லிக் கிழித்துவிடப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். காலையிலிருந்து இதே நினைப்பு ஏழாவது எட்டாவது தடவை வருகிறது. அந்தக் கேள்வியையும் பதிலையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, அது வெறும் சோதனை என்று உத்தரவு. ஆனால் அவள் கேட்டாக வேண்டும், காது வேறு வழியில்லாமல் கேட்கிறது. மணி இரண்டரை. அடுப்பில் வைத்த சோறு வைத்தபடி ஆறிக் கிடக்கிறது, எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. நாலு மணிக்கு மெர்லின் இங்கேயே வருகிறாள், இந்தச் சாப்பாட்டு மேஜைக்கே, நாற்பத்து மூன்றாவது ஆளாக ஆவுடைநாயகியையே பேச வைக்க. அதற்குள் நாற்பத்திரண்டாவது பதிவை முடித்து வைக்க வேண்டும். மொத்தமே நாலு நிமிஷம். மூன்று நாளாக அதைத் திறக்காமல் வைத்திருக்கிறாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் தலைவர் பேராசிரியர் சங்கரபாண்டியன். முப்பது வருஷம் கல்லூரியில் பேசிப் பேசி, ஓய்வு பெற்றதும் கேட்க நாதியில்லாமல், சரி, இனி ஊரைப் பேசவிட்டுக் கேட்போம் என்று இறங்கிய மனுஷன். மணலோடை நினைவுக் குழு என்று பெயர் வைத்து, நூலக மாடியில் பலகை மாட்டி, வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எஞ்சியவர்களைப் பதிவு செய்துவிட வேண்டும் என்றார். செய்யட்டும். ஆனால் அவர் எங்கே கேட்கிறார்? அவரே எடுத்த முதல் சில பதிவுகளில், கேள்வியைப் போட்டுவிட்டு, பதில் வருகிற நேரத்தில் காகிதத்தில் அடுத்த கேள்வியைத் தேடுகிறார். அந்தக் காகிதம் சரசரப்பது பதிவில் பேச்சைவிடத் தெளிவாக விழுகிறது. பேசுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அந்தக் காலத்துல சாதின்னும் மதம்னும் ஒண்ணும் பாக்க மாட்டோம், எல்லாரும் ஒண்ணுமண்ணா இருந்தோம். இந்த வாக்கியத்தை அவள் பத்தொன்பது தடவை அடித்திருக்கிறாள். இப்போதெல்லாம் முதல் வார்த்தை காதில் விழுந்ததுமே விரல் மிச்சத்தைத் தானே முடித்துவிடுகிறது. ஒருத்தர் பாக்கியில்லாமல் வெள்ளத்தில் யாரையாவது காப்பாற்றியிருக்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர்களைக் கூட்டிப் பார்த்தால் அன்றைய ஊர் ஜனத்தொகையைத் தாண்டும். மாட்டைக் காப்பாற்றியவர், மாவு மெஷினைக் காப்பாற்றியவர், மாமியாரைக் காப்பாற்றியதாகச் சொல்லி அதற்காக இன்றுவரை வருந்துகிற ஒருத்தர். இவர்கள் பேச்சிலிருந்து ஆ, ம், வந்து, இருமல், திரும்பத் திரும்பச் சொல்வது, வேண்டாத சொல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுத்தமாகக் கொடுங்கள் அம்மா என்பார் பேராசிரியர். சுத்தமாகத்தான் கொடுத்தாள். சுத்தம் என்ற அந்தச் சொல்லில் எப்போதும்போல் மனசு போய் இடித்துக்கொண்டது. அவள் பதிவு கேட்கிற ஹெட்போனைக் கழற்றி, காது மடலைத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இடது காதில்தான் இது அழுத்தும். அன்றைக்கும் இடது காதில்தான் அழுத்தியது. தபால் ஆபீஸுக்கு மேலே மாடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், மேலத்தெருவில், ஊரிலேயே மேடான இடம். இருபத்திரண்டு வயசு. வயரின் ஒரு முனையை ஒரு ஓட்டையிலும் மறுமுனையை இன்னொரு ஓட்டையிலும் செருகினால் இரண்டு மனுஷர்கள் பேசிக்கொள்வார்கள். இணைத்ததும் ஆபரேட்டர் ஒதுங்கிவிட வேண்டும், காதில் விழுந்ததை வெளியே சொன்னால் வேலை போகும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத்தான் உட்கார்ந்தாள். ஒதுங்குவார்களா யாராவது? ஊரில் யாருக்கு யாரோடு சண்டை, யாருக்குப் பெண் பார்க்க யார் வருகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்போதிருந்தே இந்த ஊர் ஜனங்கள்மேல் அவளுக்கு மரியாதை இல்லை. ஐப்பசி மழை, ஆறாம் நாள். கூரையில் ஒழுகிய தண்ணீரைச் சாக்கில் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தாள் இருளாயி, எக்ஸ்சேஞ்சைக் கூட்டித் துடைத்து, குடிக்கத் தண்ணீர் எடுத்து வைக்கிறவள். ஊருக்கு மேற்கே நெடுங்குளத்துக் கரையிலிருந்து ஒரு அழைப்பு. கரை தாங்காது சார், தெக்கே வெட்டி விட்டாத்தான் மேலத்தெருவாவது தப்பும். மறுமுனையில் ஏதோ ஒரு அதிகாரியின் குரல். வெட்டுங்க. இப்ப யார்ட்டயும் சொல்லாண்டாம், ஜனம் கெடந்து ஓடும். வயரைப் பிடுங்கியபோது ஆவுடைநாயகியின் வாய் தன்போக்கில் சொல்லிவிட்டது: கரைய வெட்டப் போறாவளாம், கீழத்தெரு முழுகிரும். சொன்ன மறு நிமிஷமே பயம் வந்தது. ஏய், நீ யார்ட்டயும் சொல்லிராத, என் வேல போயிரும். இருளாயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்துபோயிருக்கும். கோபமே இல்லை. உங்க வேல போவாது, தண்ணி எடுத்து வச்சிருக்கேன், சாப்பிடுங்க. அவ்வளவுதான் சொன்னாள். சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். ஆவுடைநாயகி தூக்குச்சட்டியைத் திறந்தாள். பசித்தது. அதை எப்படித் திருப்பிப் போட்டாலும் பசித்தது என்றுதான் வருகிறது. கீழே போய் யாரிடமாவது சொல்லலாம் என்று தோன்றியதா? தோன்றியது. பிறகு, அதுதான் இருளாயி போயிருக்கிறாளே என்று தோன்றியது. சாப்பிட்டு முடித்தபோது கீழத்தெருக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வருவது ஜன்னலில் தெரிந்தது. கீழத்தெருவில் ஒரு உயிர் போகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது பேர். அந்தப் பக்கம் என்றுதான் ஊரில் சொல்வார்கள், அதற்கு ஒரு பெயர் உண்டு என்று யாரும் காட்டிக்கொள்வதில்லை. இருளாயியின் வீடும் அங்கேதான். கீழத்தெருவைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அவள் கீழத்தெருவை முடித்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் உடைமரக் காட்டில் கிடைத்தாள். பத்து நாள் கழித்து எக்ஸ்சேஞ்சைக் கூட்ட வேறொருத்தி வந்தாள், அவள் பெயர் இப்போது ஞாபகம் இல்லை.

அது கிடக்கட்டும், மணி மூன்று ஆகப் போகிறது. ஆனால் அது கிடக்க மாட்டேன் என்கிறது, நேரே முதல் பதிவுக்குப் போய் நிற்கிறது. கீழத்தெரு பிச்சம்மாள். மெர்லின் வருவதற்கு முன்னால் பேராசிரியரே போய் எடுத்தது, காகிதம் சரசரக்கிறது. பிச்சம்மாளுக்கு எண்பது வயசு, ஆனால் குரல் கணீரென்று விழுந்திருக்கிறது. மழைன்னா மழை, அப்படி மழை. எக்ஸ்சேஞ்சு கூட்டுற பொண்ணு வந்து வாசக்கதவப் போட்டுத் தட்டுதா. எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். ஏட்டீ, பொறவாசல் இருக்குல்லா, வாசக்கதவத் தட்டுதியேன்னு ஏசிட்டேன். ஏசுறத பொறவு ஏசுங்க தாயி, மொதல்ல பிள்ளையளத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுங்கன்னா. ஒவ்வொரு வீட்டுலயும் அந்தப் புள்ள இதே ஏச்ச வாங்கிட்டுத்தான் போச்சு. இவ்வளவும் பிச்சம்மாள் சொன்னது. ஆவுடைநாயகி அடித்தாள். எக்ஸ்சேஞ்சு என்று அடித்தாள். அடுத்த சொல்லுக்கு விரல் நின்றது. நின்றது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே பால்காரரின் மணிச் சத்தம் கேட்டது, விரல் சாவிகளுக்கு மேலே நின்றது. பிறகு பொண்ணு என்று அடித்தாள். கூட்டுற என்பதை விட்டுவிட்டாள். ஒரே ஒரு சொல், வேண்டாத சொல்லை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதை எடுத்ததும் அடுத்த வரி நொண்டியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த பெண்ணைப் பிச்சம்மாள் ஏன் பொறவாசலுக்குப் போகச் சொல்ல வேண்டும்? எனவே அந்த ஏச்சையும் எடுத்தாள். ஏச்சை எடுத்ததும், ஏசுறத பொறவு ஏசுங்க தாயி என்பதற்கு வேலையில்லை, அதுவும் போனது. ஒவ்வொரு வீட்டிலும் ஏச்சு வாங்கியது போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு பெண், ஒரு கதவு, ஒரு மழை. அத்தனை சுத்தமாக அவள் வேறு எந்தப் பதிவையும் முடித்ததில்லை.

மாதக் கூட்டத்தில் பேராசிரியர் அதை வாசித்தார். வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, அன்றைக்கு எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்தது நம் ஆவுடைநாயகி அம்மாதானே என்று திரும்பினார். நூலக மாடியே திரும்பியது. அப்போது அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம், தும்மியிருக்கலாம், எழுந்து வெளியே போயிருக்கலாம். அவள் சொன்னது, அதெல்லாம் என்ன பெரிய விஷயம் சார். தலையைக் குனிந்துகொண்டு வேறு சொன்னாள். அந்த அடக்கத்தைப் பார்த்துத்தான் கைதட்டல் பலமாக வந்தது. முன்வரிசையில் பிச்சம்மாளும் கைதட்டினாள். தான் சொன்ன கதையில் தன் ஏச்சு காணாமல் போயிருந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? முகத்தில் அவ்வளவு நிம்மதி. தெருவுக்கே நிம்மதி. வாசக்கதவைத் தட்டியவளைப் பொறவாசலுக்குப் போ என்று சொல்லி நேரத்தைக் கடத்தியவர்கள், ஒரு வீட்டுக்கு அரை நிமிஷம் என்றாலும் முப்பது வீடு, அந்த நேரம் அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யாரும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த மாதத்திலிருந்து பேசியவர்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆமா, அந்த எக்ஸ்சேஞ்ச் மேடம்தான் வந்தாவ. நீலக் கரை போட்ட சேலை. கையில குடை. தாணுமூர்த்தி ஒரு படி மேலே போய், மேடம் என்னைய பேர் சொல்லிக் கூப்பிட்டாவ என்றார். பொய்யர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அடித்தாள். அடித்துக் கொடுத்தாள். புழுகர்கள், இருமினால்கூட இலக்கணமாக இருமுகிறவர்கள். அடுத்த மாதம் புத்தகம் வரப் போகிறது, அதில் ஒரு அத்தியாயத்துக்குக் கதவைத் தட்டிய பெண் என்று தலைப்பு, அவள் படம் போட இடம் விட்டிருக்கிறார்கள். பிச்சம்மாளின் குரல் பேராசிரியரின் கம்ப்யூட்டரில் அப்படியேதான் இருக்கிறது. குரலை யாரும் கேட்பதில்லை, எழுத்தைத்தான் படிக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தானே இத்தனை நாள் இருக்கிறாள்.

மூன்று இருபது. இனித் தள்ள முடியாது. நாற்பத்திரண்டாவது பதிவைத் திறந்தாள். பெயர் மாரிக்கனி, வயது ஐம்பத்திரண்டு, சத்துணவுக் கூடத்தில் சமையல். யாருடைய மகள் என்று குறிப்பில் இல்லை. ஆவுடைநாயகிக்குக் குறிப்பு தேவையில்லை. பாத்திரம் விழுகிற சத்தம், பிள்ளைகளின் இரைச்சல், மெர்லின் குரல். இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க? அந்தப் பெண் சிரிக்கிற சத்தம். இன்னும் சாப்பிடலம்மா, பிள்ளையள் சாப்பிட்ட பொறவுதான். ஆவுடைநாயகி பதிவை நிறுத்தினாள். நாற்பத்திரண்டு பேரில் முதல் உண்மை இது என்று நினைத்தாள். நினைத்ததும் எரிச்சலாக வந்தது, யார் இவளை உண்மை பேசச் சொன்னது. மறுபடி ஓடவிட்டாள். அன்னைக்கு என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? எனக்கு ஏழு வயசும்மா. எங்கம்மா வேலைக்குப் போனா. வரல. அப்பா எங்கள பம்புசெட்டு ரூம் மேல ஏத்தி விட்டாரு. அம்மா மூணாம் நாளு கெடச்சா. மெர்லின் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். அவங்க எப்படித் தண்ணில மாட்டுனாங்க? அதாம்மா தெரியல. எக்ஸ்சேஞ்சு மேட்டுல இருக்கு, மாடி வேற. அங்ஙனயே இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எங்கப்பா சாவுற வரைக்கும் அதையேதான் சொல்லி ஏசிட்டுக் கெடந்தாரு. கிறுக்கி, வேலய விட்டுட்டு அந்த மழையில எதுக்கு எறங்குனான்னு. அப்பா ஏசும்போது எனக்கும் அம்மா மேல கோவமாத்தான் வரும். அப்புறம் மெர்லின், எல்லாரிடமும் கேட்கிற கேள்வி: கீழத்தெருவுல கதவத் தட்டுன எக்ஸ்சேஞ்ச் மேடத்த உங்களுக்குத் தெரியுமா? தெரியும்மா. எங்கம்மா சொல்லுவா, நல்ல அம்மான்னு. நல்ல மனசு அவியளுக்கு. எங்க பக்கமும் வந்து தட்டியிருப்பாவ, அதுக்குள்ள தண்ணி வந்துட்டு. அவ்வளவுதான். நன்றி அக்கா என்கிறாள் மெர்லின். பதிவு முடிந்தது.

விரல் சாவிகள்மேல் இருந்தது. எங்க என்று அடித்தாள். பக்கமும் என்று அடித்தாள். பழக்கம், காதில் விழுந்தால் கை அடித்துவிடும், நடுவில் மனுஷி தேவையில்லை. வந்து தட்டியிருப்பாவ என்று அடித்துவிட்டுப் பார்த்தாள், திரையில் கறுப்பாக, ஒழுங்காக, பிழையில்லாமல். யாரையாவது கேவலமாக நினைக்க வேண்டும்போல் இருந்தது, நினைத்தால் கொஞ்சம் மூச்சு வரும். தாணுமூர்த்தியை நினைத்துப் பார்த்தாள், அவரும் அவர் இட்லியும். பாவமாக இருந்தது. பேராசிரியரை நினைத்தாள், அந்த மனுஷன் காகிதத்தைச் சரசரக்க வைத்ததைத் தவிர என்ன பாவம் செய்தார். பிச்சம்மாளாவது தான் ஏசியதைத் தானே வாயால் சொன்னவள், யாரும் கேட்காமலே சொன்னவள். நாற்பத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தும் ஒருத்தரும் போதவில்லை. அன்றைக்குச் சொல்லிவிடாதே என்று கெஞ்சியது இருபத்திரண்டு வயசுக்காரி, பயந்தவள், போகட்டும். விரலை நிறுத்தி, பால்மணி கேட்டு, யோசித்து ஒரு சொல்லை விட்டது இந்த வயசில், இந்த மேஜையில், ஒரு பயமும் இல்லாமல். அந்தப் பத்தொன்பது பேரைக் குளம் கொன்றது. இருளாயியை அப்புறமும் சாகடித்தது யார்? புருஷன் கிறுக்கி என்று ஏசிச் செத்தான், மகள் கோபத்தோடு பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரு சொல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் போதும். நாலு மணிக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டாள். மழையைச் சொல்லலாம். குடையைப் பற்றிக் கேட்டால், குடையெல்லாம் இல்லை, சாக்குதான் என்று சொல்லி இன்னும் கொஞ்சம் கைதட்டல் வாங்கலாம். அப்படி ஒரு யோசனை வந்ததற்காகத் தன் முகத்தில் துப்ப வேண்டும்போல் இருந்தது. எழுந்து போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

மெர்லின் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, மேஜையில் இருந்த மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டுக் கருவியை வைத்தாள்.

"மாரிக்கனி அக்காவோடது முடிச்சிட்டீங்களா ஆன்ட்டி?"

"கேட்டுட்டேன்."

"சார் ரொம்ப ஆர்வமா இருக்காங்க. உங்களோடதுதான் மெயின்னு சொல்லிட்டே இருக்காங்க. பதட்டமா இருக்கா?"

ஆவுடைநாயகி நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எத்தனையோ தடவை காதால் மட்டும் கேட்ட சத்தம், கருவியின் சின்ன டிக், இப்போது கண்ணெதிரே. சிவப்பு விளக்கு எரிந்தது.

"மொதல்ல டெஸ்ட்டு. உங்களுக்குத் தெரியாததா. இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?"

"இன்னைக்கு ஒண்ணும் சாப்பிடல. அன்னைக்கு எலுமிச்சம்பழச் சாதம், நார்த்தங்கா ஊறுகா. எக்ஸ்சேஞ்சு மாடியில உக்காந்து, தூக்குச்சட்டிய வழிச்சுச் சாப்ட்டேன். கீழ எறங்கவே இல்ல. இருளாயி எனக்குத் தண்ணி எடுத்து வச்சிட்டுப் போனா. எக்ஸ்சேஞ்சு கூட்டுற இருளாயி. கதவத் தட்டுனது அவ."

மெர்லின் கருவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். கை தானாகப் பொத்தானுக்குப் போனது.

"ஆன்ட்டி, இது டெஸ்ட்டுதான். இத அழிச்சிட்டு மொதல்லருந்து..."

"அழிக்காத. இதுதான் மொத. ஒங்க சார் கம்ப்யூட்டர்ல பிச்சம்மா பேசுனது கெடக்கு, நான் எழுதுனதப் படிக்காத, அவ குரலக் கேளு. கேட்டுட்டு மாரிக்கனிக்குப் போட்டுக் காட்டு. அவ அம்மா எதுக்கு எறங்குனான்னு அதுல இருக்கு."

விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. மெர்லின் அடுத்த கேள்வியைத் தேடவில்லை. காகிதம் அவள் மடியில் அசையாமல் கிடந்தது.

"இன்னொண்ணு," என்றாள் ஆவுடைநாயகி. "இத டைப் பண்ண எங்கிட்ட கொண்டு வராத. வேற யார்ட்டயாவது குடு."